எச்.ஐ.வி. மரபணு வெளிப்பாட்டில் மனித செல் புரதங்கள்

மரபணு வெளிப்பாடு என்பது டி.என்.ஏ.யில் உள்ள செய்தி ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்பட்டு, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறிக்கும். மனிதரின் நோயெதிர்ப்பாற்றலைக் குலைக்கும் எச்.ஐ.வி. வைரஸும் இதே வழியில்தான் தன் புரதங்களை ஆக்கிக்கொள்கிறது. ஆனால் அதற்கு வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவை அதனிடம் கிடையாது. அது புகுந்த மனித செல்லின் சொந்தப் புரதங்களே அந்த வேலையைச் செய்து தருகின்றன. எந்தப் புரதம் செல்லில் எவ்வளவு இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வைரஸ் வேகமாகப் பெருகலாம். ஆண்டுக்கணக்கில் உறங்கியும் கிடக்கலாம்.

கூட்டு மருந்தை ஒழுங்காக உட்கொள்பவரின் இரத்தத்தில் எச்.ஐ.வி. சோதனைக்குத் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆனால் மருந்தை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே அது திரும்பி வருகிறது. "வைரஸ்தான் தெரியவில்லையே, இன்னும் மாத்திரை எதற்கு?" என்று நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் கேட்பது இயல்பு. அந்தக் கேள்விக்கான விடை இந்தப் புரதங்களின் செயல்பாட்டில்தான் இருக்கிறது.

பின்னணி

எய்ட்ஸ் நோய் 1981-ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. அதற்குக் காரணமான வைரஸ் 1983-இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. இந்தியாவில் இத்தொற்று முதலில் அறியப்பட்டது தமிழ்நாட்டில். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அவற்றில் ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரியவந்தது.

எச்.ஐ.வி.யில் பல வகைகள் உண்டு. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் அதிகம் காணப்படுவது 'பி' வகை. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பெரும்பான்மையாக இருப்பது 'சி' வகை. உலகில் எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருப்பது இந்தச் 'சி' வகையே. பாடநூல்களில் நாம் படிக்கும் விவரங்களில் பெரும்பகுதி 'பி' வகையை வைத்துக் கண்டறியப்பட்டவை. இரண்டுக்கும் உள்ள ஒரு முக்கிய வேறுபாடு, மனித செல்லின் புரதங்களை அவை பயன்படுத்தும் விதத்தில் இருப்பதைப் பின்னர் காண்போம்.

வைரஸிடம் இருப்பதும் இல்லாததும்

மனித செல்லில் புரதங்களுக்கான மரபணுக்கள் சுமார் 20,000 உள்ளன. எச்.ஐ.வி.யிடம் இருப்பவை ஒன்பதே. அதன் மொத்த மரபுச்செய்தி சுமார் 9,700 எழுத்துகள் நீளமுள்ள ஆர்.என்.ஏ. இழை. ஒவ்வொரு வைரஸ் துகளிலும் இவ்விழை இரு படிகளாக இருக்கும்.

செல்லுக்குள் நுழையும்போது வைரஸ் சில நொதிகளைத் தன்னுடன் எடுத்து வருகிறது. ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றும் நொதி ஒன்று, அந்த டி.என்.ஏ.யைச் செல்லின் குரோமோசோமில் இணைக்கும் நொதி மற்றொன்று. புதிய வைரஸ் புரதங்களைத் தேவையான துண்டுகளாக நறுக்கும் நொதி மூன்றாவது. டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதியோ, புரதம் தயாரிக்கும் ரைபோசோமோ அதனிடம் இல்லை. குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இட்டுவிட்டுப் போகிறது. அடைகாப்பதும் குஞ்சுக்கு இரையூட்டுவதும் காகத்தின் வேலை. எச்.ஐ.வி.யின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

குரோமோசோமில் இடம் பிடித்தல்

எச்.ஐ.வி. முதன்மையாகத் தாக்குவது சி.டி.4 என்னும் புரதத்தை மேற்பரப்பில் கொண்ட டி-செல்களை. இவை நோயெதிர்ப்பு அமைப்பில் பிற செல்களுக்கு உத்தரவு தரும் வெள்ளணுக்கள். வைரஸின் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.யாக மாறியதும், அது உட்கருவுக்குள் சென்று மனித டி.என்.ஏ.யுடன் இணைந்துவிடுகிறது. இவ்வாறு இணைந்த வைரஸ் டி.என்.ஏ.யை 'புரோவைரஸ்' என்பர்.

குரோமோசோமில் எந்த இடத்தில் இணைவது என்பதிலேயே மனிதப் புரதம் ஒன்றின் கை இருக்கிறது. லெட்ஜெஃப் (பி75) என்னும் புரதம், செல்லில் செயல்பட்டுக்கொண்டிருக்கும் மரபணுப் பகுதிகளில் ஒட்டியிருக்கும் இயல்புடையது. வைரஸின் இணைப்பு நொதி இந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்வதால், புரோவைரஸ் பெரும்பாலும் செயல்படும் மரபணுக்களின் நடுவே போய் அமர்கிறது. படியெடுக்கும் புரதங்கள் நடமாடும் இடமே அதற்குக் கிடைத்துவிடுகிறது. செயலற்று இறுகிச் சுருண்ட பகுதியில் அமர நேர்ந்தால், அது விழித்தெழும் வாய்ப்பு குறைவு.

படியெடுத்தலின் தொடக்கம்

புரோவைரஸின் இரு முனைகளிலும் ஒரே தொடர் திரும்ப வருகிறது. இதை எல்.டி.ஆர். என்று சுருக்கமாகக் குறிப்பர். முன்முனையில் உள்ள எல்.டி.ஆர்., படியெடுத்தலைத் தொடங்கி வைக்கும் பகுதியாகச் செயல்படுகிறது. மனிதப் புரதங்கள் வந்து அமர்வதற்கான இருக்கைகள் இதில் வரிசையாக உள்ளன. எஸ்.பி.1 என்னும் புரதத்துக்கு மூன்று இருக்கைகள் உண்டு. அவற்றுக்கு அடுத்து என்.எஃப்.கப்பா-பி என்னும் புரதத்துக்கான இருக்கைகள் உள்ளன. வேறு சில புரதங்களுக்கும் இடம் உண்டு.

இவற்றில் என்.எஃப்.கப்பா-பி புரதத்தின் கதை தனிச்சிறப்புடையது. ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகியோர் இதை 1986-இல் கண்டறிந்தனர். ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றும் நொதியைக் கண்டறிந்ததற்காக 1975-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் பால்டிமோரும் ஒருவர். 1987-இல் கேரி நேபலும் பால்டிமோரும், தூண்டப்பட்ட டி-செல்லில் எச்.ஐ.வி.யின் மரபணுக்களை இயங்க வைப்பது இதே புரதம்தான் என்று காட்டினர்.

ஓய்வில் இருக்கும் டி-செல்லில் என்.எஃப்.கப்பா-பி உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் இருக்கும். ஐ-கப்பா-பி என்னும் வேறொரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். உடலில் ஏதேனும் நோய்க்கிருமி நுழைந்து, அதை எதிர்க்க டி-செல் தூண்டப்படும்போது, பிடித்து வைத்திருந்த ஐ-கப்பா-பி சிதைக்கப்படுகிறது. விடுபட்ட என்.எஃப்.கப்பா-பி உட்கருவுக்குள் சென்று, நோயை எதிர்ப்பதற்கான மனித மரபணுக்களை இயக்குகிறது. அதே நேரத்தில் எல்.டி.ஆர். பகுதியில் உள்ள இருக்கைகளிலும் அமர்ந்து வைரஸையும் இயக்கிவிடுகிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ள அனுப்பும் சமிக்ஞையையே வைரஸ் தனக்கான சமிக்ஞையாக எடுத்துக்கொள்கிறது.

காசநோயும் எச்.ஐ.வி.யும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும்போது நிலைமை மோசமாவதற்குரிய காரணங்களில் இதுவும் ஒன்று. காசநோய்க் கிருமியை எதிர்க்கும்போது சுரக்கும் டி.என்.எஃப். போன்ற பொருள்கள் என்.எஃப்.கப்பா-பி புரதத்தை விடுவிக்கின்றன. அதனால் வைரஸ் படியெடுத்தலும் கூடுகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் காசநோயை விரைந்து கண்டறிந்து குணப்படுத்துவது முக்கியம் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதன் ஒரு பின்புலம் இது.

இந்தியாவின் 'சி' வகை

மேலே சொன்ன இருக்கைகளின் எண்ணிக்கை எல்லா வகைகளிலும் ஒன்றல்ல. 'பி' வகையில் என்.எஃப்.கப்பா-பி புரதத்துக்கான இருக்கைகள் இரண்டு. தாய்லாந்தில் பரவிய 'ஏ.ஈ.' கலப்பு வகையில் ஒன்று. 'சி' வகையில் வழக்கமாக மூன்று உள்ளன.

பெங்களூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் உதய்குமார் ரங்கா தலைமையிலான குழு, இந்தியாவின் 'சி' வகை வைரஸ்களை நீண்டகாலமாக ஆராய்ந்து வந்தது. இக்குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் நான்கு இருக்கைகள் கொண்ட 'சி' வகை வைரஸ்கள் தோன்றி, முந்தைய பத்தாண்டுகளில் படிப்படியாகப் பெருகி வருவது தெரியவந்தது. புதிதாகச் சேர்ந்த நான்காவது இருக்கை மற்ற மூன்றின் அப்பட்டமான நகல் அல்ல. அதன் தொடர் சற்று மாறுபட்டது. எனினும் என்.எஃப்.கப்பா-பி அதிலும் அமர்கிறது.

மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல் உள்ள, இருக்கை எண்ணிக்கையில் மட்டும் வேறுபட்ட இரு வைரஸ்களை ஒரே செல் வளர்ப்பில் விட்டு ஆய்வாளர்கள் போட்டி வைத்துப் பார்த்தனர். நான்கு இருக்கை வைரஸ் மூன்று இருக்கை வைரஸை முந்தியது. நான்கு இருக்கை வைரஸ் உள்ளவர்களின் இரத்தத்தில் வைரஸின் அளவும் சராசரியாக அதிகமாக இருந்தது. ஆனால் சி.டி.4 செல்களின் எண்ணிக்கையில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. இரத்தத்தில் வைரஸ் அளவு கூடினால் பிறருக்குப் பரவும் வாய்ப்பும் கூடும் என்பதால், இவ்வகை பெருகி வருவதற்கு அது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

என்.எஃப்.கப்பா-பி இருக்கைகளைக் கூட்டிக்கொள்வது 'சி' வகைக்கே உரிய பண்பு என்று அந்த ஆய்வு கூறுகிறது. வேறு நாட்டு வகையை மட்டும் ஆராய்ந்து நம் ஊர் நோயாளிகளைப் பற்றி முழுதும் அறிந்துவிட முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. அதே வேளையில், நான்கு இருக்கை உள்ள வைரஸுக்கு மருந்து வேலை செய்யாது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. வழக்கத்தில் உள்ள மருந்துகள் தாக்குவது வைரஸின் நொதிகளை, எல்.டி.ஆர். பகுதியை அல்ல.

படியெடுத்தலின் நீட்சி: டாட் புரதமும் சைக்ளின் டி1-ம்

தொடங்கிய படியெடுத்தல் தானாக முடிவு வரை செல்வதில்லை. மனித செல்லின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-2 என்னும் நொதி எல்.டி.ஆர். பகுதியிலிருந்து புறப்பட்டுச் சிறிது தூரம் எழுதியதும் நின்றுவிடுகிறது. நெல்ஃப், டிசிஃப் என்னும் இரு மனிதப் புரதத் தொகுதிகள் அதை நிறுத்தி வைக்கின்றன. இதனால் ஆரம்பத்தில் கிடைப்பவை பெரும்பாலும் முற்றுப்பெறாத துண்டு ஆர்.என்.ஏ.க்கள். எப்போதாவது ஒன்றிரண்டு முழுமையாக முடிகின்றன. அவற்றிலிருந்து வைரஸின் 'டாட்' என்னும் சிறு புரதம் உருவாகிறது.

துண்டு ஆர்.என்.ஏ.யின் தொடக்கப் பகுதி கொண்டை ஊசி போல் மடிந்திருக்கும். இந்த மடிப்புக்கு 'டார்' என்று பெயர். டாட் புரதம் டார் மடிப்பில் வந்து ஒட்டிக்கொள்கிறது. தனியாக வருவதில்லை; பி-டெஃப்-பி என்னும் மனிதப் புரத இணையைக் கையோடு கூட்டி வருகிறது. சைக்ளின் டி1, சி.டி.கே.9 என்னும் இரு புரதங்கள் சேர்ந்ததே இந்த இணை. சி.டி.கே.9, நின்றுபோன பாலிமரேஸின் வால் பகுதியிலும் அதை நிறுத்தி வைத்த புரதங்களிலும் பாஸ்பேட் தொகுதிகளைச் சேர்க்கிறது. உடனே தடை நீங்கி, பாலிமரேஸ் வைரஸ் மரபுச்செய்தி முழுவதையும் எழுதி முடிக்கிறது. அதனால் மேலும் டாட் உருவாகிறது. அது மேலும் படியெடுத்தலைத் தூண்டுகிறது. இந்தச் சுழற்சி ஒருமுறை சூடு பிடித்துவிட்டால் வைரஸ் உற்பத்தி பன்மடங்கு பெருகும்.

இந்த வேலைக்கு மனிதப் புரதமே வேண்டும் என்பது சுவையான ஒரு சோதனை வழியே புலப்பட்டது. எலி போன்ற கொறிக்கும் விலங்குகளின் செல்லில் டாட் சரியாக வேலை செய்வதில்லை. ஆனால் அந்தச் செல்லில் மனிதரின் 12-ஆம் குரோமோசோமைச் சேர்த்தால் டாட் நன்றாக வேலை செய்தது. அக்குரோமோசோமில் ஏதோ ஒரு துணைப்புரதத்தின் மரபணு இருக்க வேண்டும் என்று தெரிந்தது. 1998-இல் அது சைக்ளின் டி1 எனக் கண்டறியப்பட்டது. சைக்ளின் டி1 சுண்டெலியிடமும் உண்டு. ஆனால் மனித சைக்ளின் டி1-இல் 261-ஆம் இடத்தில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது. சுண்டெலியில் அவ்விடத்தில் டைரோசின் இருக்கிறது. இந்த ஓர் அமினோ அமில வேறுபாடே டாட் புரதத்தைத் தடுமாற வைக்கப் போதுமானது.

ஓய்வில் உள்ள டி-செல்லில் சைக்ளின் டி1 மிகக் குறைவு. இருக்கும் பி-டெஃப்-பி இணைகளிலும் பலவற்றை ஹெக்சிம்-1 என்னும் மனிதப் புரதமும் 7எஸ்.கே. என்னும் சிறு ஆர்.என்.ஏ.யும் முடக்கி வைத்திருக்கும். ஆகவே அத்தகைய செல்லில் வைரஸின் படியெடுத்தல் தொடங்கினாலும் நீள்வதில்லை.

ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படுதல், வெளியேறுதல்

முழு நீள வைரஸ் ஆர்.என்.ஏ. ஒன்றே. அதிலிருந்து ஒன்பது மரபணுக்களுக்கும் உரிய புரதங்கள் கிடைக்க வேண்டுமானால், அதைப் பல விதங்களில் வெட்டி ஒட்ட வேண்டும். இதைச் செய்வதும் மனித செல்லின் ஏற்பாடுதான். எஸ்.ஆர். புரதங்கள் வெட்டுதலை ஊக்குவிக்கின்றன, எச்.என்.ஆர்.என்.பி. புரதங்களில் பல அதைத் தடுக்கின்றன. இவ்விரண்டின் இழுபறியில் 40-க்கும் மேற்பட்ட வெவ்வேறு ஆர்.என்.ஏ. வடிவங்கள் உருவாகின்றன. வெட்டுதல் அளவு மீறினால், புதிய வைரஸுக்குள் வைப்பதற்கு முழு நீள ஆர்.என்.ஏ. மிஞ்சாது. மிகக் குறைந்தால் டாட் போன்ற புரதங்கள் கிடைக்காது.

இங்கே மற்றொரு சிக்கலும் உண்டு. முழுதும் வெட்டி ஒட்டப்படாத ஆர்.என்.ஏ.யை மனித செல் சாதாரணமாக உட்கருவை விட்டு வெளியே விடாது. வைரஸின் 'ரெவ்' என்னும் புரதம் அத்தகைய ஆர்.என்.ஏ.யைப் பற்றிக்கொண்டு, சி.ஆர்.எம்.1 என்னும் மனித ஏற்றுமதிப் புரதத்துடன் இணைகிறது. செல் தன் சொந்தப் புரதங்களை வெளியே அனுப்பும் அதே வழியில் வைரஸ் ஆர்.என்.ஏ.யும் வெளியேறிவிடுகிறது.

எதிர்த்து நிற்கும் புரதங்கள்

மனிதப் புரதங்கள் எல்லாமே வைரஸுக்குத் துணைபோவதில்லை. வெளியேறிய ஆர்.என்.ஏ.யை ரைபோசோம்கள் படித்துப் புரதமாக்கும் கட்டத்தில் ஷ்லாஃபென்-11 என்னும் மனிதப் புரதம் குறுக்கிடுகிறது. எச்.ஐ.வி.யின் மரபணுக்களில் மனித மரபணுக்களில் குறைவாக வரும் எழுத்துத் தொகுதிகள் மிகுதி. அவற்றைப் படிப்பதற்குத் தேவையான கடத்து ஆர்.என்.ஏ.க்களை இப்புரதம் கட்டுப்படுத்துவதால், செல்லின் சொந்தப் புரதங்களைவிட வைரஸ் புரதங்களின் உற்பத்தியே அதிகம் அடிபடுகிறது. இச்செயல்பாடு 2012-இல் வெளியானது.

அபோபெக்-3ஜி என்னும் புரதம் இன்னும் முன்கட்டத்தில் வேலை செய்கிறது. வைரஸ் டி.என்.ஏ. உருவாகும்போதே அதன் எழுத்துகளை மாற்றி, பயனற்றதாக்கிவிடுகிறது. ஆனால் வைரஸ் தன் 'விஃப்' புரதத்தின் மூலம் அபோபெக்-3ஜி-யைச் சிதைக்கச் செய்துவிடுகிறது. அந்தச் சிதைவுக்கும் அது பயன்படுத்துவது மனித செல்லின் கழிவு நீக்கும் ஏற்பாட்டையே.

உறங்கும் வைரஸ்

தொற்றுக்குள்ளான டி-செல்கள் பெரும்பாலும் சில நாள்களில் அழிந்துவிடும். ஆனால் சிறு எண்ணிக்கையிலானவை அழியாமல் நினைவு செல்களாக ஓய்வு நிலைக்குத் திரும்புகின்றன. முன்பு சந்தித்த நோய்க்கிருமியை நினைவில் வைத்திருந்து, அது மீண்டும் வந்தால் எதிர்ப்பதே நினைவு செல்லின் பணி. அதனால் அது ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டியிருக்கிறது. அதனுள் இருக்கும் புரோவைரஸும் கூடவே வாழ்கிறது.

ஓய்வு நிலையில் என்.எஃப்.கப்பா-பி உட்கருவுக்கு வெளியே இருக்கிறது, சைக்ளின் டி1 குறைவு, பி-டெஃப்-பி முடங்கியிருக்கிறது. இவை போதாவென்று, டி.என்.ஏ.யைச் சுற்றி வைக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசெட்டைல் தொகுதிகளை நீக்கும் நொதிகள் எல்.டி.ஆர். பகுதியில் கூடுகின்றன. அதனால் அப்பகுதி இறுகிவிடுகிறது. வைரஸ் புரதம் எதுவும் உருவாகாததால், அந்தச் செல்லை நோயெதிர்ப்பு அமைப்பால் அடையாளம் காணவும் முடிவதில்லை.

பெருகும் திறனுள்ள வைரஸை ஒளித்து வைத்திருப்பவை, ஓய்வில் உள்ள சி.டி.4 செல்களில் ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்றுதான். மருந்து உட்கொள்பவரிடம் இச்சேமிப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இந்த வேகத்தில் அது முற்றிலும் தீர 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒளிந்துள்ள செல்கள் இரண்டாகப் பிரிந்து பெருகும்போது புரோவைரஸும் நகலாகிவிடுவது இதை இன்னும் கடினமாக்குகிறது.

சிகிச்சையும் ஆய்வும்

இன்று இந்தியாவில் அரசின் ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாக வழங்கப்படும் முதன்மைக் கூட்டு மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்று மருந்துகள் உள்ளன. முதல் இரண்டும் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றும் நொதியைத் தடுக்கின்றன. மூன்றாவது இணைப்பு நொதியைத் தடுக்கிறது. அதாவது, புதிய செல்லில் வைரஸ் குடியேறுவதை இவை தடுக்கின்றன. ஏற்கெனவே குடியேறிவிட்ட புரோவைரஸின் படியெடுத்தலை இவை தொடுவதில்லை. அதைத் தொடும் மருந்து எதுவும் இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை.

அதற்கான ஆய்வுகள் இரு எதிர்த் திசைகளில் நடக்கின்றன. முதல் முறை, உறங்கும் வைரஸை எழுப்பி அழிப்பது. ஹிஸ்டோன் இறுக்கத்தைத் தளர்த்தும் வோரினோஸ்டாட் என்னும் புற்றுநோய் மருந்தை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தந்து சோதித்த முடிவுகள் 2012-இல் வெளியாயின. ஓய்வில் இருந்த செல்களில் வைரஸ் ஆர்.என்.ஏ. உற்பத்தி கூடியது உண்மை. ஆனால் எழுப்பப்பட்ட செல்கள் அழிந்து சேமிப்பு குறைந்துவிடவில்லை. இரண்டாவது முறை, வைரஸை நிரந்தர உறக்கத்தில் ஆழ்த்துவது. டாட் புரதத்தைச் செயலிழக்கச் செய்யும் டைடிஹைட்ரோ-கார்டிஸ்டாடின்-ஏ என்னும் சேர்மம் ஆய்வகத்திலும் விலங்குகளிலும் இந்த நோக்கில் சோதிக்கப்பட்டுள்ளது.

இரண்டிலும் உள்ள இடர் ஒன்றே. என்.எஃப்.கப்பா-பி, சி.டி.கே.9 போன்றவை வைரஸுக்காகப் படைக்கப்பட்டவை அல்ல. நம் உடலின் அன்றாட வேலைக்கு இன்றியமையாதவை. அவற்றை முடக்கினால் உடலே தளரும். அளவுக்கு மீறித் தூண்டினால் நோயெதிர்ப்பு அமைப்பு கட்டுமீறிப் போகும். வைரஸ் பயன்படுத்தும் வழியை மட்டும் அடைத்து, செல்லின் வழியைத் திறந்து வைப்பதே ஆய்வாளர்கள் முன் உள்ள சவால்.

நோயாளிகள் அறிய வேண்டியவை

இரத்தச் சோதனையில் வைரஸ் தென்படவில்லை என்பதற்கு, அது பெருகவில்லை என்பதே பொருள். உடலை விட்டு நீங்கிவிட்டது என்று பொருளல்ல. உறங்கும் செல்களில் ஏதோ ஒன்று ஒரு சாதாரணக் காய்ச்சலின்போதுகூடத் தூண்டப்பட்டு, வைரஸை வெளியிடலாம். மருந்து உடலில் இருக்கும்வரை அந்த வைரஸ் புதிய செல்லில் குடியேற முடியாது. மருந்து இல்லாதபோது அந்த ஒரு செல்லே போதும்; தொற்று மீண்டும் தொடங்கிவிடும். மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஒழுங்காக மருந்து உட்கொண்டு, வைரஸ் அளவைத் தென்படாத நிலையில் வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்று பரவுவதில்லை என்பதும் பெரிய ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை உட்படத் தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. மையங்கள் இயங்குகின்றன. ஆலோசனைக்கு 1097 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.